பலெர்மோவில் கேட்ட கன்டன் எழுச்சி

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், ரோமாபுரியைப் பார்த்தீர்களா, பாப்பரசரைப் பார்த்தீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரத்தை. அதிலும் ஒரு மீன் சந்தை, ஒரு பஸ் பாதை, ஒரு முதிய பெண்மணியின் வரவேற்பறை, இவ்வளவுதான். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் அங்கே பலர். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசி மாதம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, பல இடம் அலைந்து, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காமல் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் பலெர்மோவில் இருந்து ரெலிபோன் வந்தது. எங்கள் ஒரே மகன் சுதன் மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார்கள். விசா கிடைத்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கணவரை என் தங்கையிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். கோணிய வாயால் அவர் சொன்னது ஒன்றுதான்.

"அவனைக் கூட்டிக்கொண்டு வா. ஒருக்காப் பாக்கவேணும்."

நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு வருவது.

பலெர்மோ விமான நிலையம் கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிறது. இறங்கும்போது கடலில்தான் இறங்குகிறோம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே வந்தால், தலையில் தொப்பியோடு என் பிள்ளை தன் காலில் நிற்கிறான். மூன்று வருடத்தில் மெலிந்து, தாடி வைத்து, யாரோ ஒரு வாத்தியார் மாதிரி இருந்தான். நான் அவன் தொப்பியைக் கழற்றித் தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

"அம்மா, அழாதேங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும். நான் என்ன களவெடுத்தனானே?"

அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இன்னொரு தாய் தன் மகனைக் கட்டிப்பிடித்து என்னைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். அவன் மிலானில் இருந்து வார விடுமுறைக்கு வந்தவனாம். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அப்போதே.

சுதன் இருந்தது சீசா என்ற பகுதியில். அடுக்கு வீடுகள், கீழே சின்னச் சின்னக் கடைகள், மேலே முழுக்கக் கொடியில் காயும் உடுப்புகள். மூன்றாம் மாடியில், மன்னாரைச் சேர்ந்த மரியா அக்கா வீட்டில் அவனுக்கு ஓர் அறை. மரியா அக்கா இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறவர். என் மகனுக்கு நினைவு திரும்பும்வரை ஆஸ்பத்திரியில் கதிரையிலேயே இருந்தவர். நான் அவருடைய கையைப் பிடித்து ஏதோ சொல்லத் தொடங்க, அவர் கையை உருவிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். ஊரில் நான் ஆசிரியையாக இருந்ததால் ரீச்சர் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், அழுறதெண்டா சாப்பிட்டிட்டு அழுங்கோ. சோறு ஆறுது."

வாள்மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அங்கே கத்தரிக்காய் ஒவ்வொன்றும் எங்கள் தேங்காய் அளவு. தேங்காயோ கைக்குழந்தையைப் போலப் பொத்திக் கொண்டுவரும் சாமான். பாதித் தேங்காயில் பால் பிழிந்திருந்தார் எனக்காக.

சாப்பாட்டுக்குப் பிறகு மகன் முகம் கழுவச் சேர்ட்டைக் கழற்றினான். அப்போதுதான் கண்டேன். இரண்டு முழங்கைகளிலும் தோல் உரிந்து ஆறிய தழும்பு. காற்சட்டையை மடித்துப் பார்த்தேன். முழங்கால்களிலும். கல் பதித்த தெருவில் இழுபட்டுப் போயிருக்கிறான். புதுத் தோல் இளஞ்சிவப்பாக, கறுத்த உடம்பில் தூரத்திலேயே தெரிந்தது.

எங்கள் நாட்டில் இருந்து வராதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கொழும்பில் சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் பொடியன்களின் சேர்ட்டுக் கையை உயர்த்தி முழங்கையைப் பார்ப்பார்கள். முழங்காலையும் பார்ப்பார்கள். அங்கே தழும்பிருந்தால் இயக்கத்தில் தவழ்ந்து பயிற்சி எடுத்தவன் என்று முடிவு. சைக்கிளில் விழுந்தவன், பந்து விளையாடி விழுந்தவன் என்ற கணக்கெல்லாம் இல்லை. எங்கள் லொட்ஜில் எதிர் அறையில் இருந்த பிள்ளையை அப்படித்தான் கொண்டுபோனார்கள். நான் புறப்படும்வரை அவனுடைய தாய் ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சுதனுக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது அங்கே இருப்பதற்கான அனுமதி, அப்போதுதான் கிடைத்திருந்தது. போய்த் திரும்பி வரலாம். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவனும் துடித்துக்கொண்டிருந்தான். ஆகவே நான் தழும்பை மாற்றும் வேலையைத் தொடங்கினேன். காலையில் எலுமிச்சம் சாறு, பின்னேரம் ஒலிவ் எண்ணெய், மருந்துக்கடைக்காரி தந்த களிம்பு, மரியா அக்கா மலையில் பிடுங்கி வந்த கற்றாழை. வெயில் பட்டால் தழும்பு கறுக்கும் என்று நீளக் கைச் சேர்ட்டுப் போடச் சொன்னேன். அவன் வியர்வையில் நனைந்துகொண்டு போட்டான்.

அடுத்த நாள் மரியா அக்காவும் நானும் கபோ சந்தைக்குப் போனோம். மகன் விழுந்தது அங்கேதான். அவனைத் தூக்கியவர் நீனோ என்ற மீன்காரர். சந்தை எங்கள் சந்தை மாதிரித்தான். ஆனால் இவர்கள் மீனை விற்பதில்லை, மீனைப் பற்றிப் பாடுகிறார்கள். வாள்மீனின் தலையை வாள் மேலே பார்க்க நிறுத்தி, சுற்றிவர மத்தியை அடுக்கி, கோயில் சோடனை மாதிரி வைத்திருந்தார்கள்.

நான் யார் என்று தெரிந்ததும் நீனோ கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். பிறகு மரியா அக்காவிடம் படபடவென்று கதைத்தார். அவர் மொழிபெயர்த்தார்.

"அண்டைக்கு இவரின்ரை மீனெல்லாம் வெயிலிலை கிடந்ததாம் ரீச்சர். உங்கடை மகன்தான் இவரின்ரை ஐஸிலை கிடந்தவராம். ஆஸ்பத்திரியிலை நேர்ஸ்மார் மீன் மணக்குதெண்டு ஏசினவையாம்."

தலையில் ஐஸை வைத்துக் கட்டி, தன் மூன்று சில்லு வண்டியில் மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வரும்வரை பக்கத்துக் கடைக்காரர் இவருடைய மீனையும் சேர்த்துப் பாடி விற்றிருக்கிறார். நான் கற்றுக்கொண்டு போன ஒரே இத்தாலியச் சொல்லைச் சொன்னேன். கிராட்ஸியே, அதாவது நன்றி. இரண்டு தரம் சொன்னேன். அதற்குமேல் என்னிடம் சொல் இல்லை. அவர் ஒரு பை நிறைய மத்தியைத் தந்து, காசை எடுத்த என் கையைத் தட்டிவிட்டார்.

திரும்பும்போது பஸ் நின்றுவிட்டது. ஒடுங்கிய தெருவில் யாரோ ஒரு சின்னக் காரைக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாரதி ஹோன் அடித்தார், பிறகு இறங்கி நின்று சிகரெட் பற்றவைத்தார். பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் நாலைந்து ஆண்கள் இறங்கி, காரை அப்படியே தூக்கி நடைபாதையில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சலூனுக்குள் இருந்து சொந்தக்காரர் வந்தார், பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு. சண்டை வரப்போகிறது என்று நான் பையை இறுக்கிப் பிடித்தேன். அவருடைய கோபம் வேறு. சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார்கள், இனிக் கதவை எப்படித் திறப்பது? அவர்களும் திரும்பிப் போய் ஒரு முழம் தள்ளி வைத்துக் கொடுத்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், உங்கள் ஊரில் பஸ் நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் பஸ்ஸை நிற்பாட்டுகிறவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும் என்றேன்.

மரியா அக்கா அதை மொழிபெயர்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சொல்லுங்கோவன்."

"இதை நான் சொல்லமாட்டன் ரீச்சர். அந்தாள் சந்தோசமா இருக்கு. கெடுக்கப்படாது."

ஒரு கிழமைக்குப் பிறகு சுதன் என்னைக் கால்சாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய பகுதி. பழுதுபார்த்துப் பூச்சுப் பூசிய மாளிகை ஒன்று, அதற்குப் பக்கத்தில் கூரையில்லாத வீடு ஒன்று. உலகப்போரில் குண்டு விழுந்து இடிந்ததாம். உள்ளே அத்திமரம் வளர்ந்து நின்றது. ஐம்பது வருடமாகியும் கட்டி முடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த எங்கள் வீட்டை நினைத்து, அந்தக் கணக்கைப் போடாமல் விட்டுவிட்டேன்.

சுதன் வேலை செய்தது அங்கே, சிஞ்ஞோரா லூச்சியா வீட்டில். எண்பதை நெருங்கிய பெண்மணி; சிஞ்ஞோரா என்றால் அம்மையார். பிள்ளைகள் இல்லை. சமைத்துக் கொடுப்பது, மருந்து கொடுப்பது, மாலையில் கையைப் பிடித்துக் கடற்கரையில் நடத்துவது, இதெல்லாம் அவன் வேலை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் தினமும் டாக்சி பிடித்துப் போய், வைத்தியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரட்டியிருக்கிறார். என்னைப் ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா என்று அழைத்தார். அங்கே ஆசிரியைக்கு அப்படித்தான் மரியாதை. தட்டில் பீச் பழம், கத்தரிக்காய், கடலைக்காய் எல்லாம் வைத்தார். பழத்தை எடுத்துக் கடித்தால், அத்தனையும் வாதுமைப் பருப்பில் செய்த இனிப்பு. என் முகத்தைப் பார்த்து அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சுவரில் ஒரு புகைப்படம் இருந்தது. ஆற்றங்கரை, படகுகள், தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் ஒரு சிறுமி. எங்கே என்று கேட்டேன். சீனாவில் உள்ள கன்டன் என்றார். தகப்பன் அங்கே பட்டு வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பும் முகவராக இருந்தவராம். சிஞ்ஞோரா பத்து வயதுவரை அங்கேதான்.

எனக்குக் கன்டன் தெரியும். என் கணவர் வாலிபத்தில் சீனச் சார்புக் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் வகுப்பு நடக்கும். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழு மார்கழியில் கன்டன் நகரத் தொழிலாளர்களும் படைவீரர்களில் ஒரு பகுதியினரும் எழுந்து நகரத்தைப் பிடித்தார்கள், சோவியத் அரசு என்று அறிவித்தார்கள், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஏன் தோற்றது? அவசரப்பட்டதாலா, விவசாயிகள் சேராததாலா, மொஸ்கோவின் பேச்சைக் கேட்டதாலா? இதற்குத்தான் நான் கேத்தல் கேத்தலாகத் தேநீர் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவள் ஆகையால் நானும் இடையில் புகுந்து பேசியிருக்கிறேன்.

அன்று புழுக்கமான தென்காற்று வீசியது. சிஞ்ஞோரா என் மகனின் நீளக் கைச் சேர்ட்டைக் காட்டி ஏதோ கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"இந்த வெயிலிலை ஏன் இப்பிடி எண்டு கேக்கிறா."

"உண்மையைச் சொல்லு."

அவன் சொன்னான். கைகளை உயர்த்தித் தழும்பையும் காட்டினான். சோதனைச் சாவடியைப் பற்றி, எலுமிச்சம் சாறு பற்றி, நாங்கள் இருவரும் போகப்போவது பற்றி எல்லாம் சொன்னான் என்று நினைக்கிறேன். சிஞ்ஞோரா புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார். மகன் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்த எழுச்சியில் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காணக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணி மலிவு, சாயமும் மலிவு. வியர்வையில் சாயம் இறங்கிவிட்டது. தோற்றுப்போன அன்று எல்லோரும் துணியை அவிழ்த்து எறிந்தார்கள். ஆனால் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் நின்றது. நகரத்துக்குள் திரும்பி வந்த அரசுப் படைக்கு அது போதுமாக இருந்தது. கழுத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இவையின்ரை பண்டசாலையிலை பட்டுச் சிப்பம் கட்டுற ஒருத்தன் பின்மதிலாலை ஏறி வந்தவனாம். இவவைச் சின்னனிலை தோளிலை தூக்கித் திரிஞ்சவன். கழுத்திலை அந்த அடையாளம்."

சிஞ்ஞோராவின் தாய் சுடுதண்ணீர் வைத்தாள். சிசிலியில் இருந்து கொண்டுபோன ஒலிவ் சவர்க்காரம், பிறகு எலுமிச்சை, பிறகு சாம்பல். சிறுமி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயம் போய்விட்டது. ஆனால் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்து, முதலில் இருந்ததைவிடச் சிவந்துவிட்டது. வீடு வீடாகச் சோதனை வருகிறது என்று தகப்பன் பயந்தார். சட்டைக் கொலரை உயர்த்தி மறைத்து, இனி ஒன்றும் தெரியாது, போ என்று அனுப்பினார்கள். சிறுமி மேல் யன்னலில் நின்று பார்த்தாள். தெரு மூலைவரை நடந்தான். அங்கே நின்ற படைவீரன் கொலரைத்தான் முதலில் இழுத்தான்.

சிஞ்ஞோரா மேலும் ஏதோ சொன்னார், என்னைப் பார்த்து. மகன் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை அம்மா."

"தம்பி, என்ன சொன்னவ எண்டு கேட்டனான்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வீட்டிலை அரிசி இருந்ததாம். கீழறை இருந்ததாம். வைச்சிருந்திருக்கலாமாம். தாங்கள் கழுத்தைத்தான் கழுவினது, ஆளை வைச்சிருக்கேல்லை எண்டு சொல்லுறா."

பிறகு சிஞ்ஞோரா எழுந்து வந்து, கதிரையின் பின்னால் நின்று, என் மகனின் இரு தோள்களிலும் கையை வைத்தார். இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவன் இங்கே இருக்கட்டும், என்னிடம் அரிசி இருக்கிறது.

திரும்பும் வழியில் பஸ் கிடைக்கவில்லை, நடந்தோம். முன்னால் அவன், பின்னால் நான். கடலைமாவில் பொரித்த பலகாரத்தைப் பாண் ரொட்டிக்குள் வைத்து விற்கும் வண்டியில் இரண்டு வாங்கினான். எங்கள் பஜ்ஜியின் உறவு. நின்றபடி சாப்பிட்டோம்.

"சுதன், நீ வரவேண்டாம்."

"அப்பா?"

"அப்பாவுக்கு நான் சொல்லுறன்."

"அப்பாக்கு ஏதும் நடந்தா, அம்மா?"

"பாணைச் சாப்பிடு" என்றேன். அவன் அழுதான். தெருவில் நின்று, எண்ணெய் ஒட்டிய கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதான். பலகாரக்காரர் பார்த்துவிட்டு, இன்னொரு பாணை எடுத்து அவன் கையில் வைத்தார்.

கடைத் தெருவில் உள்ள ரெலிபோன் நிலையத்தில் இருந்து கணவரோடு பேசினேன். கொழும்பு ரெலிபோனை ஒட்டுக்கேட்பார்கள், எதையும் விரித்துச் சொல்ல முடியாது.

"நான் மட்டும்தான் வாறன்."

"ஏன்?"

"விழுந்ததிலை முழங்கை ரெண்டிலையும் காயம். ஆறீட்டுது."

கடலுக்கு அப்பால் இருந்து வரும் இரைச்சல் கேட்டது. ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு அப்போதெல்லாம் நேரமெடுக்கும்.

"அங்கையே இருக்கட்டும்" என்றார். பிறகு, "வடிவாச் சாப்பிடுறானோ?"

"சாப்பிடுறான். இஞ்சை எல்லாரும் வாயிலை தீத்தாத குறை."

மிச்ச நாட்களில் எலுமிச்சம் சாறும் இல்லை, கற்றாழையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனங்களோடு சேர்ந்து மலையில் உள்ள புனித ரொசாலியா குகைக்கு ஏறினோம். கத்தோலிக்கரும் ஏறுகிறார்கள், சைவரும் ஏறுகிறார்கள். மரியா அக்கா செபமாலை உருட்ட, நான் கற்பூரம் இல்லாததால் மெழுகுதிரி கொழுத்தினேன். சுதன் அரைக்கைச் சேர்ட்டோடு வந்தான். பாதி வழியில் ஒரு பொலிஸ்காரர் அவனை நிறுத்தியபோது நான் ஓடிப்போய் அவன் முழங்கையை என் கையால் மூடினேன். அவருக்குத் தேவைப்பட்டது சிகரெட் நெருப்பு. இவனிடம் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

கட்டுநாயக்காவில் விடியும் நேரம் இறங்கினேன். நகரத்துக்குப் போகும் வாடகை வானில், பின்சீற்றில் என்னோடு ஒரு வாலிபன், டுபாயில் இருந்து லீவில் வருகிறவன். முதலாவது சாவடியில் வானை ஓரம் கட்டினார்கள். அவனை இறக்கி, சேர்ட்டுக் கையை முழங்கைக்கு மேலே தள்ளச் சொன்னார்கள். அவன் இரண்டு கைகளையும் மடித்து, கடைக்காரனுக்குச் சாமானைக் காட்டுவதுபோலத் திருப்பித் திருப்பிக் காட்டினான். வழுவழுப்பான முழங்கைகள். ஏறு என்றார்கள். ஏறி உட்கார்ந்தும் அவன் சேர்ட்டுக் கையை இறக்கவில்லை.

படைவீரன் என் கடவுச்சீட்டைப் புரட்டினான். இத்தாலி முத்திரையைக் கண்டு, யாரிடம் போனாய் என்று கேட்டான். மகனிடம் என்றேன். மகன் எங்கே என்று கேட்டு, குனிந்து வானுக்குள் பார்த்தான். எனக்கும் அந்த வாலிபனுக்கும் நடுவில் என் கைப்பை மட்டும்தான் இருந்தது.

"அவன் வரவில்லை" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். "நான் தனிய."

அவன் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தான். நான் அவனுக்கும் நன்றி சொன்னேன். பழக்கத்தில் கிராட்ஸியே என்றுதான் வந்தது.